நாலு வயதுக் குழந்தைக்கு 118 இருக்கலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

குழந்தைகளின் ரத்த அழுத்தம் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவர்களும் செவிலியரும் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. மேல் அளவு என்பது இதயம் சுருங்கும்போது ரத்தக் குழாயில் இருக்கும் அழுத்தம். கீழ் அளவு இதயம் விரியும்போது இருப்பது.

என் மகனுக்கு நாலு வயது முடிந்திருக்கிறது. காய்ச்சல் என்று காட்டப் போன இடத்தில் பி.பி. பார்த்து 118/76 என்று சீட்டில் எழுதினார்கள். "பெரியவங்களுக்கே 120 வரைக்கும் நார்மல்தாம்மா" என்று அங்கிருந்தவர் சொல்லிவிட்டார். அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகி, மன்னார்குடி

விட்டுவிடாதீர்கள். பெரியவர்களின் 120/80 கணக்கு 13 வயதிலிருந்துதான் பொருந்தும். அதற்குக் கீழே ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு அளவு.

அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு எளிய பட்டியல் இருக்கிறது. "இந்த அளவைத் தொட்டால் மறுபடி கவனமாகப் பாருங்கள்" என்று சொல்லும் பட்டியல் அது. ஆண் குழந்தைக்கு 3 வயதில் 101/58, 4 வயதில் 102/60, 5-ல் 103/63, 6-ல் 105/66, 8-ல் 107/69, 10-ல் 108/72, 12-ல் 113/75. பெண் குழந்தைக்கு 3 வயதில் 102/60, 4-ல் 103/62, 5-ல் 104/64, 6-ல் 105/67, 8-ல் 107/69, 10-ல் 109/72, 12-ல் 114/75. மேல் அளவோ கீழ் அளவோ, இரண்டில் ஒன்று தொட்டாலே போதும், மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டுமே தாண்டியிருக்கின்றன.

தாண்டியதாலேயே நோய் என்று அர்த்தமில்லை. ஒரே வயதுக் குழந்தைகளில் உயரமான குழந்தைக்கு அழுத்தம் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். யாரும் விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்காக, மேலே சொன்ன பட்டியலை மிகக் குட்டையான குழந்தையை மனதில் வைத்துப் போட்டிருக்கிறார்கள். முழு அட்டவணையில் வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்துப் பார்ப்பார்கள். அதே வயதும் அதே உயரமும் உள்ள நூறு குழந்தைகளை அழுத்த அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் 95-வது குழந்தைக்கு வரும் அளவு எதுவோ, அதுதான் எல்லை. அதை எட்டியோ தாண்டியோ மூன்று வேறு வேறு நாட்களில் இருந்தால்தான் 'உயர் ரத்த அழுத்தம்' என்று பெயர் வைப்போம். அந்த வரிசையில் 90-வது குழந்தையின் அளவுக்கும் 95-வது குழந்தையின் அளவுக்கும் நடுவில் இருந்தால் 'சற்று உயர்ந்திருக்கிறது' என்று குறித்துவைத்துத் தொடர்ந்து பார்ப்போம். 95-வது அளவுக்கு மேல் இன்னும் 12 கூடிவிட்டால் அது இரண்டாம் நிலை. அங்கே தாமதிக்க இடமில்லை.

காய்ச்சல், பயம், கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருப்பது மூன்றுமே அளவை ஏற்றிக் காட்டும். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்துக் குழந்தைகள் நல மருத்துவரிடம் போய், "பி.பி. பார்க்கத்தான் வந்தோம்" என்று சொல்லியே காட்டுங்கள். அப்போதும் 102/60-ஐத் தாண்டினால் மெஷினை நம்பாமல் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கிடையில் தலைவலி, காரணமில்லாத வாந்தி, முக வீக்கம், சிறுநீர் குறைவது என்று ஏதாவது தெரிந்தால் அந்த ஒரு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் மாமனாருக்கு வாங்கிய டிஜிட்டல் மெஷின் இருக்கிறது. அதில் பாப்பாவுக்குப் பார்த்தால் ஒரு தடவை 128 காட்டுகிறது, அடுத்த தடவை 89, அதற்கடுத்து 'எரர்'. மெஷின் கெட்டுவிட்டதா?
— வாசகர், ஓசூர்

மெஷின் நன்றாகவே இருக்கலாம். பட்டைதான் பாப்பாவுக்கு உரியது அல்ல.

டிஜிட்டல் மெஷின் நேரடியாக மேல், கீழ் அளவுகளைப் 'பார்ப்பது' இல்லை. பட்டையில் காற்று இறங்கும்போது ரத்தக் குழாயின் துடிப்பு பட்டைக்குள் சிறு அதிர்வுகளாக வரும். அதிர்வு எங்கே மிகப் பெரிதாக இருக்கிறதோ அது சராசரி அழுத்தம். அதை வைத்து மேல், கீழ் அளவுகளை உள்ளே இருக்கும் கணக்கு ஊகித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பெரும்பாலும் பெரியவர்களின் கையை வைத்துத்தான் அமைத்திருப்பார்கள். குழந்தை காலை உதறினாலும் கையை இழுத்தாலும் அந்த அசைவையும் துடிப்பாக எண்ணிக்கொள்ளும். அதனால்தான் 128-ம் 89-ம்.

பட்டையை எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்திலேயே எத்தனை செ.மீ. கைக்கு உரியது என்று அச்சடித்திருக்கும். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 22 செ.மீ.யில்தான் தொடங்கும். நாலு வயதுக் குழந்தையின் மேல்கை 16 செ.மீ. சுற்றளவுதான் இருக்கும்.

சரியான பட்டையை இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தையின் வலது கையை முழங்கையில் மடக்கச் சொல்லுங்கள். தோள்பட்டையின் முனையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து முழங்கையின் கூர்முனை வரை நாடாவால் அளந்து, சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியில் சுற்றளவு எடுங்கள்; நாடா இறுக்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. அங்கன்வாடியில் ஊட்டச்சத்துக்காக நாடா போட்டு அளப்பார்களே, அதே நடு இடம்தான். அங்கே இடது கையில் எடுப்பார்கள், இங்கே வலது கை.

பட்டைக்குள்ளே இருக்கும் ரப்பர்ப் பைதான் முக்கியம், மேலே இருக்கும் துணி அல்ல. அந்தப் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் இருக்க வேண்டும். அகலம் குறைந்தது 40 சதவீதம். வழக்கமாகக் கிடைக்கும் பைகள்: பச்சிளம் குழந்தைக்கு 4 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளம், இது 10 செ.மீ. சுற்றளவு வரை, கைக்குழந்தைக்கு 6-க்கு 12, 15 செ.மீ. வரை, சிறுவர் பட்டை 9-க்கு 18, 22 செ.மீ. வரை, சிறிய பெரியவர் பட்டை 10-க்கு 24, 26 செ.மீ. வரை, பெரியவர் பட்டை 13-க்கு 30, 34 செ.மீ. வரை. 16 செ.மீ. கை என்றால் கைக்குழந்தைப் பட்டை பற்றாது, சிறுவர் பட்டை போட வேண்டும். மெலிந்த இரண்டு வயதுக் குழந்தையின் 13 செ.மீ. கைக்குக் கைக்குழந்தைப் பட்டை. எட்டு வயதிலேயே எடை கூடி 27 செ.மீ. கை இருக்கும் பிள்ளைக்குப் பெரியவர் பட்டைதான் போட வேண்டும். பட்டையில் 'சிறுவர்' என்று எழுதியிருப்பதை நம்பி எடுக்காதீர்கள்; நாடா சொல்வதை நம்புங்கள்.

பட்டை சிறியதாக இருந்தால் ரத்தக் குழாயை அமுக்கவே கூடுதல் காற்று தேவைப்படும். உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெரியதாக இருந்தால் குறைவாகக் காட்டும், ஆனால் அந்தப் பிழை சிறியது. ஆகவே இரண்டு பட்டைகளுக்கு நடுவே குழப்பம் வந்தால் பெரியதை எடுங்கள். இல்லாத பி.பி.யை இருப்பதாகக் காட்டிக் குழந்தையைப் பரிசோதனைகளுக்கு அலைய வைப்பது பெரும்பாலும் சின்னப் பட்டைதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கும்போது சத்தம் சரியாகக் கேட்பதில்லை. சில குழந்தைகளுக்குப் பூஜ்யம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எப்படி எழுதுவது?
— செவிலியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

நல்ல கேள்வி. இதில் அவசரப்பட்டால் எல்லாமே தப்பாகும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் வேலை அமைதி. ஊசி போடுவதற்கு முன்னால், எடை பார்க்கச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் பி.பி.யை முடித்துவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்கள் பின்னிக்கொள்ளாமல் தரையிலோ ஸ்டூலிலோ படிந்திருக்க வேண்டும். தொங்கும் கால்கள் ஆடிக்கொண்டே இருக்கும். சின்னக் குழந்தை என்றால் அம்மாவின் மடியில் வைத்தே பார்க்கலாம். பட்டையைக் குழந்தையின் கையில் கொடுத்து, பிறகு அம்மாவின் கையில் ஒரு தடவை சுற்றிக் காட்டி, "இப்ப உன் கையைக் கட்டிப்பிடிக்கும், வலிக்காது" என்று சொல்லிவிட்டுச் சுற்றுங்கள். இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அழுகிற குழந்தைக்கு எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அழுகையில் மேல் அளவு 20 வரைகூட ஏறிவிடும்.

சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காதீர்கள், கழற்றிவிடுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும். கை இதயத்தின் மட்டத்தில் எதன் மேலாவது தாங்கலாக இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்து தொங்கினாலே 7, 8 கூடுதலாகக் காட்டும். நாலு வயதுக் குழந்தைக்கு அது பெரிய வித்தியாசம்.

முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றை ஏற்றுங்கள். நாடி மறையும் எண்ணை மனதில் வைத்து, அதற்கு மேல் 20, 30 வரைதான் ஏற்ற வேண்டும். எல்லாருக்கும் 200 வரை ஏற்றினால் குழந்தைக்கு வலிக்கும்; அடுத்த தடவை கையை நீட்டாது. ஸ்டெதாஸ்கோப்பின் மணிப் பக்கத்தை முழங்கை மடிப்பின் உட்புறம், நாடி துடிக்கும் இடத்தில் லேசாக வையுங்கள். பட்டைக்குள் செருக வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். உங்கள் ஊரில் 'சத்தம் கேட்கவில்லை' என்பதற்கும் 'பூஜ்யம் வரை கேட்கிறது' என்பதற்கும் பெரும்பாலும் இந்த இரண்டே காரணம்தான்: துடிப்பு இருக்கும் இடத்தை விரலால் தேடிப் பார்க்காமல் வைப்பது, வைத்த பிறகு அழுத்துவது. அழுத்தினால் குழாய் ஒடுங்கி, காற்று முழுக்க இறங்கிய பிறகும் சத்தம் வந்துகொண்டிருக்கும்.

நொடிக்கு 2 அல்லது 3 என்ற வேகத்தில் காற்றை இறக்குங்கள். முதல் 'தட்' எங்கே கேட்கிறதோ அது மேல் அளவு. சத்தம் முழுவதும் நிற்கும் இடம் கீழ் அளவு. லேசாக வைத்துத் திரும்பப் பார்த்தும் பூஜ்யம் வரை கேட்டால், சத்தம் சட்டென்று மங்கும் இடத்தைக் கீழ் அளவாக எடுத்துக்கொண்டு, 'மங்கிய இடம்' என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் 1905-ல் இந்தச் சத்தங்களை விவரித்தார். மங்குவது நாலாவது கட்டம், நிற்பது ஐந்தாவது கட்டம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள்.

எண்ணை 2-ன் மடங்காக எழுதுங்கள்: 96, 98, 102. எல்லாவற்றையும் 90, 100, 110 என்று பூஜ்யத்தில் முடிக்கும் பழக்கம் பெரியவர்களுக்கே கெடுதல். குழந்தைக்கு அட்டவணையையே பயனில்லாமல் செய்துவிடும். முதல் அளவு உயர்ந்திருந்தால் ஓரிரு நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை பார்த்து, அந்தக் கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள். முதல் அளவில் பயம் கலந்திருக்கும்.

சத்தமே பிடிபடாத கைக்குழந்தைக்கு, பட்டையில் காற்று இறங்கும்போது நாடி திரும்பித் தட்டுப்படும் எண்ணை மேல் அளவாக எழுதலாம். அது உண்மை அளவைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். கீழ் அளவு அதில் கிடைக்காது. 'தொட்டுப் பார்த்தது' என்று எழுதிவிடுங்கள்.

ஏன் வலது கையிலேயே பார்க்க வேண்டும் என்கிறார்கள்? என் அக்கா குழந்தைக்குக் காலிலும் பார்த்தார்கள்.
— வாசகி, யாழ்ப்பாணம்

அட்டவணை வலது கையில் எடுத்த அளவுகளை வைத்துப் போடப்பட்டது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் இன்னொன்று. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மகாதமனியில் ஓர் இடம் ஒடுங்கியிருக்கும். வழக்கமாக இடது கைக்குப் போகும் கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த ஒடுக்கம் இருக்கும். ஒடுக்கத்துக்கு முன்னால் பிரியும் வலது கைக்கு ரத்தம் அதிக அழுத்தத்தில் போகும். கால்களுக்குக் குறைவாகப் போகும். இடது கை எந்தப் பக்கம் சேரும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். இடது கையில் மட்டும் பார்த்தால் நார்மல் என்று ஏமாந்துவிடலாம்.

நடக்கும் வயதுக் குழந்தைக்குக் கையைவிடக் காலில் மேல் அளவு 10, 20 கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. கையைவிடக் காலில் குறைவாக இருந்தால் உடனே இதய எக்கோ பார்க்க வேண்டும். ஆகவே பி.பி. உயர்ந்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் இரண்டு கையிலும் ஒரு காலிலும் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். தொடை இடுக்கில் நாடியும் தொட்டுப் பார்க்க வேண்டும். காலில் பார்க்கும்போது குழந்தை குப்புறப் படுத்திருக்க, தொடை அளவுக்கான பட்டையைச் சுற்றி, முழங்காலுக்குப் பின்புறம் ஸ்டெதாஸ்கோப் வைப்பார்கள். உங்கள் அக்கா குழந்தைக்குப் பார்த்தவர் தன் வேலையை முழுதாகச் செய்திருக்கிறார். ஒடுக்கம் இருந்தால் அறுவையிலோ பலூன் வைத்தோ சரிசெய்ய முடியும்.

எங்கள் குழந்தை 30 வாரத்தில் பிறந்து, ஒன்றரை மாதம் இன்குபேட்டரில் இருந்தது. இப்போது ஒன்றரை வயது. மூன்று வயதில்தான் பி.பி. பார்க்க ஆரம்பிப்பார்கள் என்று படித்தேன். அதுவரை வேண்டாமா?
— வாசகர், ஈரோடு

மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை என்பது எந்தக் குறையும் இல்லாமல் பிறந்து வளரும் குழந்தைக்கு. உங்கள் குழந்தைக்கு இப்போதிருந்தே, மருத்துவரிடம் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

32 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்கள், மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்கள், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், தொப்புள் தமனியில் குழாய் போடப்பட்டவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். அந்தக் குழாயின் முனையில் உருவாகும் சிறு ரத்தக்கட்டி சிறுநீரகத் தமனிக்குப் போய்விட்டால் பின்னாளில் அழுத்தம் ஏறும். டிஸ்சார்ஜ் சீட்டில் குழாய் போட்டது எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அது தவிர, பிறவி இதயக் கோளாறு, சிறுநீரகம் அல்லது சிறுநீர்ப் பாதையில் குறை, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, குடும்பத்தில் பிறவிச் சிறுநீரக நோய், புற்றுநோய் சிகிச்சை, பி.பி.யை ஏற்றும் மருந்துகள் இவை உள்ள குழந்தைகளுக்கும் மூன்று வயது வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு வயதுக் குழந்தைக்கு மறுபடி பார்க்க வேண்டிய அளவு, ஆண் என்றால் 98/52, பெண் என்றால் 98/54. கைக்குழந்தைக்குத் தூங்கும்போது பார்ப்பது நல்லது. பால் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பட்டையைச் சுற்றியதும் அழுத்திவிடாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டு, குழந்தை அதை மறந்த பிறகு இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று தடவை எடுப்பார்கள்.

ஏழு வயதுப் பையனுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் கட்டன் டீ மாதிரி போனது. மருத்துவமனையில் முதலில் பி.பி.தான் பார்த்தார்கள், 138/94. உடனே சேர்த்துவிட்டார்கள். சிரங்குக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்?
— வாசகி, ராமநாதபுரம்

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. சிரங்குப் புண்ணிலோ தொண்டைப் புண்ணிலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருந்தால், உடல் அதை எதிர்க்கும்போது உண்டாகும் பொருள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அழற்சி வரும். தொண்டைப் புண் என்றால் ஒன்று, இரண்டு வாரம் கழித்து. தோல் புண் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து. அதற்குள் புண் ஆறியிருக்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாது. வடிகட்டிகள் அடைபட்டதும் உப்பும் நீரும் வெளியேறாமல் தங்கும். காலையில் எழுந்ததும் கண் இமை வீங்கியிருக்கும், சிறுநீர் குறையும், பி.பி. ஏறும்.

ஏழு வயதுக்கு 138/94 மிக அதிகம். பெரியவர்களின் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தத்துக்குப் பழகியிருக்கும். சில நாளில் திடீரென்று ஏறும் குழந்தைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூளை வீங்கித் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கடைசியில் வலிப்பு வரை போகலாம். வலிப்பு வந்த பிறகு பி.பி. பார்த்துக் கண்டுபிடிக்கப்படும் குழந்தைகளும் உண்டு. உங்கள் பையனுக்கு அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து கொடுத்து, சிறுநீர் பெருக்கும் மருந்தும் தேவைப்பட்டால் பி.பி. மருந்தும் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் பி.பி. இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்த அணுக்கள் சிறுநீரில் பல மாதம் வரலாம், அதற்குப் பதற வேண்டாம். வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சிரங்கு, சொறி இருந்தால் இப்போதே முழுமையாக வைத்தியம் செய்யுங்கள். துண்டு, படுக்கையைத் தனித்தனியாக்குங்கள்.

ஆறு வயது மகளுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, பேசிக்கொண்டிருந்தாள். பி.பி. 90/74 என்றார்கள். ஆனாலும் ஐ.சி.யூ.வுக்கு மாற்றி டிரிப் போட்டார்கள். 90 நார்மல்தானே? தேவையில்லாமல் செய்தார்களா?
— வாசகர், மதுரை

தேவையாக இருந்ததால்தான் செய்தார்கள். இந்தக் கேள்விக்கான பதிலைப் பெற்றோர் அத்தனை பேரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

90-ஐ மட்டும் பார்க்கக் கூடாது, 90-க்கும் 74-க்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது 16. டெங்குவில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் குழந்தை 'ஷாக்' எனப்படும், உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலைக்குள் போய்விட்டது என்று பொருள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறும்போது, இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் காப்பாற்றிக் கொடுப்பதற்காகக் கை கால்களின் குழாய்கள் இறுகும். அந்த இறுக்கத்தால் கீழ் அளவு ஏறும், மேல் அளவு தாக்குப் பிடிக்கும். குழந்தை தெளிவாகப் பேசும். மேல் அளவு விழ ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

ஒன்று முதல் பத்து வயது வரை மேல் அளவு சராசரியாக 90-உடன் வயதை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் வருவது; ஆறு வயதுக்கு 102. ஆபத்தான தாழ்வு, 70-உடன் அதே போலக் கூட்டினால் வருவதற்குக் கீழே. ஆறு வயதுக்கு 82-க்குக் கீழ். பத்து வயதுக்கு மேல் 90-க்குக் கீழ். உங்கள் மகளுக்கு 82-க்கு வருவதற்கு முன்பே இடைவெளியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளும் அதையொட்டிய ஒன்றிரண்டு நாளும்தான் கவனம் அதிகம் தேவைப்படும் காலம். வீட்டில் மெஷின் வேண்டாம். உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டிருக்கிறதா, விரல் நுனியை வெளுக்கும்வரை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, நாலு முதல் ஆறு மணி நேரத்தில் ஒரு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்து சுருண்டு படுப்பது, காரணமின்றிச் சிணுங்குவது இருந்தால் பிளேட்லெட் எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

சளிக்குக் கொடுக்கும் சிரப்பால் பி.பி. ஏறுமா? நாங்கள் அதிமதுரம்தான் கொடுக்கிறோம்.
— வாசகி, கும்பகோணம்

மூக்கடைப்புக்கான சில சிரப்புகளிலும் சொட்டுகளிலும் உள்ள ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்துகள் ஏற்றும். சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ரோடிக் நோய்க்கும் மற்றவற்றுக்கும் மாதக்கணக்கில் கொடுக்கும் ஸ்டீராய்டு ஏற்றும். அதிமதுரமும் ஏற்றும். அதில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தங்க வைத்துப் பொட்டாசியத்தைக் குறைக்கும். என்றைக்கோ ஒரு நாள் இருமலுக்கு ஒரு சிட்டிகை கொடுத்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் தினமும் கொடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு அறவே வேண்டாம். பி.பி. பார்க்கப் போகும்போது இவை எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், கைமருந்தையும் சேர்த்து.

ஒன்பது வயது மகள், எடை 46 கிலோ. பள்ளி முகாமில் 116/76 என்றார்கள். இந்த வயதிலேயே வாழ்நாள் முழுக்க மாத்திரையா?
— வாசகி, கோயம்புத்தூர்

மாத்திரைக்கு முன்னால் நடக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மறுபடி பார்க்க வேண்டிய அளவு 108/71. மகள் அதைத் தாண்டியிருக்கிறாள். ஆனால் முகாமில் வரிசையில் நின்று, எந்தப் பட்டை என்று தெரியாமல் எடுத்த அளவு அது. சரியான பட்டையோடு, ஸ்டெதாஸ்கோப்பில் திரும்பப் பாருங்கள். உயரத்தையும் அளந்து முழு அட்டவணையில் ஒப்பிடச் சொல்லுங்கள். முதல் நிலை உயர்வு என்றால் ஓரிரு வாரத்தில் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்தில் ஒரு முறை பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இரண்டாம் நிலை என்றால் ஒரு வாரத்துக்குள். மருத்துவமனையில் மட்டும் ஏறும் பி.பி. உள்ள குழந்தைகளும் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரமும் கையிலேயே கட்டியிருக்கும் கருவி ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். தூங்கும்போதும் அது அளந்துகொண்டிருக்கும்.

உயர்வு உறுதியானால் சிறுநீர், கிரியாட்டினின், உப்புச்சத்துக்கள், கொழுப்பு பார்ப்பார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் சிறுநீரக ஸ்கேன் கட்டாயம், ஏனென்றால் குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குப் பின்னால் ஒரு காரணம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். எடை கூடிய பெரிய பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையே காரணம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே சொல்கிறோம். பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தைக்கு அதைவிடக் குறைவு. பாக்கெட் உணவில் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு உள்ளே போகிறது. தயிர் சாதத்துக்கு ஊறுகாய், சாம்பாருக்கு அப்பளம், மாலையில் மிக்சர், இரவு நூடுல்ஸ் மசாலா என்று வரிசையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். மகளுக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாமல் வீட்டுக்கே உப்பைக் குறையுங்கள். நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். எடையை வேகமாகக் குறைக்க முயல வேண்டாம். வளரும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே உயரம் கூடக் கூடச் சரியாகிவரும். ஆறு மாதம் இப்படி நடந்தும் உயர்வு நீடித்தாலோ, இரண்டாம் நிலையில் இருந்தாலோ, சர்க்கரை நோய், சிறுநீரக நோய் இருந்தாலோ மாத்திரை தேவைப்படும். அப்படித் தொடங்கினாலும் எடை குறைந்த பிறகு நிறுத்த முடிந்த பிள்ளைகள் உண்டு.

மணிக்கட்டில் கட்டும் கருவி, வாட்ச் இவற்றை நம்பலாமா?
— வாசகர், சென்னை

குழந்தைகளுக்கு வேண்டாம்.

பாதரசக் கருவியை எடுத்துவிட்டு முள் கருவி கொடுத்திருக்கிறார்கள். இது சரியாகக் காட்டுமா?
— கிராம சுகாதார செவிலியர், தருமபுரி மாவட்டம்

பாதரசம் நஞ்சு என்பதால் மினமாட்டா உடன்படிக்கைப்படி அந்தக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. முள் கருவி நல்லதுதான், ஆனால் கீழே விழுந்தாலோ பையில் அடிபட்டாலோ உள்ளே இருக்கும் சுருள் நகர்ந்துவிடும். காற்று இல்லாதபோது முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கருவியை உபயோகிக்காதீர்கள். நின்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்த்துத் தேதி ஒட்டி வாங்குங்கள். அழுத்தி 150-ல் நிறுத்திவைத்தால் முள் தானாக இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். இறங்கினால் குழாயிலோ வால்விலோ கசிவு, குழாயை மாற்றுங்கள். பெரியவர் பட்டையை மட்டும் கொடுத்திருந்தால் சிறுவர் பட்டையும் கைக்குழந்தைப் பட்டையும் எழுதிக் கேளுங்கள். அவை கைக்கு வரும்வரை, அளவோடு கூடவே எந்தப் பட்டை, எந்தக் கை, குழந்தை அமைதியாக இருந்ததா அழுததா என்ற மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மேல் மருத்துவமனையில் அதைப் படிப்பவருக்கு அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அதை வைத்துத்தான் தெரியும்.